ஐம்பதுக்குக் கீழே

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சூரியன் இறங்குவதைப் போதும்பொண்ணு சுவரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். சுவரை அடைத்து நிற்கும் பெரிய திரையில் மத்தியானமெல்லாம் மேடாக நின்ற மஞ்சள் கோடு, ஐந்து மணிக்கு மேல் தோள் சரிந்து, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி அவசரமில்லாமல் இறங்கத் தொடங்கும். மஞ்சள் என்பது வெயிலிலிருந்து எடுக்கிற மின்சாரம். பச்சை, காற்றாலை. நீலம், மலையில் தேக்கி வைத்திருக்கும் தண்ணீர். சாம்பல், நிலக்கரி. இவை எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அது ஜனங்கள். மாநிலம் முழுக்க இந்த நிமிடத்தில் எல்லாருக்குமாகச் சேர்த்து எவ்வளவு வேண்டுமோ, அது. கேட்கிற நொடியில் உண்டாக்கிக் கொடுத்தாக வேண்டிய பொருள் இது; கீழே இருக்கிற நிறங்கள் எல்லாம் சேர்ந்து அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. சென்னையில் இருக்கும் மின்சுமை மையத்தில் மத்தியான ஷிப்டுக்கு அவள் பொறுப்பு. இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்கு எழுந்திருப்பாள். நடுவில் இந்தச் சாயங்காலம் வரும், அப்போது மட்டும் அவள் அதிகம் பேசமாட்டாள். மஞ்சள் கீழே இறங்க, வெள்ளை மேலே ஏற, இரண்டுக்கும் நடுவில் கத்தரியைத் திறந்த மாதிரி ஒரு வாய் விரியும், அந்த வாயை நிரப்ப வேண்டும். முதலில் சென்னையும் கடலூரும் இருட்டும், கோயம்புத்தூருக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் மிச்சமிருக்கும், ஆகவே வெள்ளைக் கோடு ஒரே மூச்சில் எழாமல் கிழக்கிலிருந்து மேற்காக, படுக்கையில் புரண்டு எழுகிற மாதிரி எழும். அந்த எழுச்சியில் அவளுக்கு ஒரு பிரியம் உண்டு. எத்தனை வருஷம் பார்த்தும் அலுக்கவில்லை. இதோ இந்தச் சின்ன மேடு, கடற்கரை ஊர்களில் ஐஸ் பெட்டிகள். இந்த நெளிவு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே புத்தகப்பையோடு விழுந்து கிடப்பது. ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்தும் வெயில் இறங்கவில்லை, இந்தத் தடவை கோடு போன வருஷத்தைவிட ஒரு கை உயரத்தில் ஓடுகிறது, பரவாயில்லை, ஓடட்டும், காற்றும் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்க்கும்போது பிரியத்தோடு வேறு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது, துணி முள்ளில் மாட்டியதைப் போல. நாலு மணிக்கு டீ குடிக்கும்போது சாந்தகுமார் சொன்னது.

சாந்தகுமார் அவளுக்கு அடுத்த மேஜை. ஐந்து வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிறான், நல்ல பொறியாளன், கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. டம்ளரை வைத்துவிட்டுத் திரையைக் காட்டி, இந்தக் கோடு எங்கே போய் நிற்கும் மேடம் என்று கேட்டான். நாம் வெயிலைப் பிடிக்கிறோம், காற்றைப் பிடிக்கிறோம், கடலில் காற்றாலைக் கம்பம் நடப் போகிறோம் என்கிறார்கள், எல்லாம் செய்து முடிக்கிறதற்குள் கோடு இன்னும் மேலே போய்விடுகிறது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பிறகு, சாதாரணமாக, பிஸ்கட்டை ஒடித்துக்கொண்டே, "ஆளுங்க ஜாஸ்தி மேடம். அவ்வளவுதான் விஷயம். இதுல பாதிப் பேர் போதும்" என்றான். அவன் அவளைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் பெயரில் அந்த வார்த்தை இருக்கிறது என்பதே அந்த நேரம் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எல்லாரும் அவளை மேடம் என்றும், நெருங்கியவர்கள் பொண்ணு என்றும்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இருந்தாலும் அது உள்ளே எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு, பாதிப் பேர் போதும், பாதிப் பேர் போதும் என்று விசிறியின் கடகடப்புப் போலத் தொடர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பாதி? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. சொல்கிறவர் எப்போதும் இருக்கப் போகிற பாதியில் நின்றுகொண்டுதான் சொல்கிறார். அவளுக்கு அந்த நிச்சயம் ஒரு நாளும் இருந்ததில்லை. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பெண்களுக்கு அப்புறம் ஐந்தாவதாகப் பிறந்தவள். அப்பா ஆஸ்பத்திரிக்கே வரவில்லையாம், பெயர் வைக்கிற அன்றைக்கு மட்டும் வந்து, சாமியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாராம். பெயர் என்ன பெயர், மேலே இருக்கிறவனுக்கு எழுதிப் போட்ட மனு. சின்ன வயசில் அது அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பக்கத்தில், அந்தக் காலத்தில், ஐந்தாவது பெண்ணைப் பெயர் வைக்கிற நாள் வரைக்கும் உயிரோடு வைத்திருந்ததே பெரிய விஷயம் என்பது காலேஜுக்குப் போன பிறகுதான் புரிந்தது. புரிந்த அன்றைக்கு விடுதியில் சாப்பிட முடியவில்லை. யாரோ ஒருத்தி கூடாது என்று சொல்லித் தடுத்திருக்கிறாள். யாரென்று அவளுக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, இவளும் கேட்டதில்லை.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பம் வரைந்திருக்கும். மீசை வைத்த அப்பா, பொட்டு வைத்த அம்மா, நடுவில் ஒரு பையன், ஒரு பெண், நாலு பேருக்கும் ஒரே மாதிரிப் பல் தெரிகிற சிரிப்பு. ஊசி போட வரிசையில் நிற்கும்போது அந்தச் சுவரில் தனக்கு இடம் எங்கே இருக்கும் என்று தேடியிருக்கிறாள். ஓரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலியிருக்கும். எட்டாம் வகுப்பில் மக்கள்தொகைப் பெருக்கம் என்று ஒரு பாடம். சார் கரும்பலகையில் ஒரு ரொட்டியை வரைந்து, அதை இரண்டாக, நாலாக, எட்டாக வெட்டிக் காட்டி, கடைசியில் துண்டு இவ்வளவுதான் வரும், நம்ம போதும்பொண்ணு வீட்டில் மாதிரி என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது துண்டு போடுகிற கணக்கு அங்கே நடக்கவில்லை. வீட்டில் அப்போது ஒரே ஒரு பல்பு. குடிசைகளுக்கு இலவசமாகக் கொடுத்த இணைப்பு, ஒன்றுக்கு மேல் மாட்டக் கூடாது. அம்மா அதற்கு நீளமான ஒயர் வாங்கிப் போட்டு, வீடு முழுக்க அங்கங்கே ஆணி அடித்து வைத்திருந்தாள். சோறு வடிக்கிற நேரத்தில் பல்பு அடுப்படி ஆணியில். அக்கா பூ கட்ட உட்கார்ந்தால் வாசலுக்குப் பக்கத்து ஆணியில். பரீட்சைக் காலத்தில் மேற்குச் சுவரில். யாரும் கேட்க வேண்டியதில்லை. அம்மா ஒரு கண்ணால் வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள், சேலைத் தலைப்பால் சூட்டைப் பிடித்துப் பல்பைத் தூக்கிக்கொண்டு நடப்பாள், எல்லாருடைய நிழலும் சுவரில் ஓடி இடம் மாறும். ஒருத்திக்கு வெளிச்சம் வரும்போது இன்னொருத்தி இருட்டில் செய்யக்கூடிய வேலையை எடுத்துக்கொள்வாள், பாக்கு வெட்டுவது, தம்பி மாதிரி வளர்ந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூங்கப் பண்ணுவது, சும்மா பேசுவது. பத்தவில்லை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. பத்தியது என்றும் சொல்ல முடியாது. அவ்வளவு வெளிச்சத்தில் அத்தனை பேர் என்னென்ன செய்து முடித்தார்கள் என்று இப்போது நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

பச்சைக் கோடு அசைந்தது. முதலில் கண் பார்த்தது, மனம் பிறகுதான் வந்து சேர்ந்தது. இந்த நேரத்துக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைப் பக்கமும் காற்று வலுக்க வேண்டும், முன்கணிப்பும் அப்படித்தான் சொல்லியிருந்தது. சூரியன் விட்டுப் போகிற இடத்தைப் பாதிக்குமேல் காற்றுதான் நிரப்ப வேண்டும் என்றுதான் இன்றைய திட்டம். ஆனால் பச்சை மேலே வராமல் தட்டையாகப் படுத்து, பிறகு ஒரு படி இறங்கி, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்று, மறுபடி இறங்கியது. சாந்தகுமார் தெற்கே போனில் பேசிவிட்டுச் சொன்னான், மலைமேல் மழைமேகம் கவிந்துவிட்டதாம், காற்று கப்பென்று அடங்கிவிட்டதாம், இறக்கைகள் சுற்றினாலும் சோம்பலாகச் சுற்றுகின்றனவாம். ஆயிரக்கணக்கான காற்றாடிகள். நாகர்கோவில் ரயிலில் போகும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவற்றைக் கை எடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டே போவாள், ஒரு இழை புகை கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது, நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு ஊருக்கு விளக்கேற்றுகிற அந்த நெட்டையான வெள்ளைப் பொருட்களை. இப்போது அவை மழைக்கு முன் நின்றுவிட்ட மாடுகள் மாதிரித் தலை குனிந்து நிற்பதாகத் தோன்றியது. திரையின் மூலையில் ஒரு எண் இருக்கிறது. தேசம் முழுக்க ஒரே எண், ஐம்பது, மின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை அலையடிக்கிறது என்கிற கணக்கு. நாடித்துடிப்பு மாதிரி. உண்டாக்குவதும் செலவழிப்பதும் சமமாக இருந்தால் அது ஐம்பதில் நிற்கும், செலவு மிஞ்சினால் ஐம்பதுக்குக் கீழே சரியும், ரொம்பச் சரிந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும், ஒன்று கழல மற்றதற்குப் பாரம் கூடி அதுவும் கழல, கடைசியில் ஒரு மாநிலம், இரண்டு மாநிலம், ஆபரேஷன் மேஜை, லிப்டுக்குள் நிற்கிறவர்கள், சுரங்கத்தில் மெட்ரோ. எண் கீழே போய்க்கொண்டிருந்தது. தென்மண்டல மையத்திலிருந்து அழைத்து, உங்கள் மாநிலம் அளவுக்கு மேல் இழுக்கிறது, குறையுங்கள் என்றார்கள். அக்கம்பக்கத்து மாநிலங்களில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாள். அவர்களுக்கும் இதே சூரியன்தான், அவர்களுக்கும் இதே சாயங்காலம்.

மலைக்குப் போன் செய்தாள். மலை என்றால் ஜெசிந்தா. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம், நடுவில் மலைக்குள் குடைந்த அறையில் நாலு இயந்திரங்கள். மத்தியானத்தில் வெயில் மின்சாரம் வேண்டியதற்கு மேல் வந்து குவியும்போது, அதை வேண்டாம் என்று அணைத்துவிடாமல், அதைக் கொண்டே தண்ணீரைக் கீழேயிருந்து மேலே ஏற்றி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் அதே தண்ணீரை விழவிட்டு மின்சாரமாகத் திரும்ப வாங்குவார்கள். மிச்சப்பட்டது என்று எதையும் கொட்டாமல் மலைமேல் ஏற்றி வைக்கிற அந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது, இருபது வயசில், நூலகத்து மேஜையில், காரணம் தெரியாமல் அவளுக்குக் கண் நிறைந்தது. ஜெசிந்தா அங்கே பணிப் பொறியாளர், குமரி மாவட்டத்துக்காரி. பதினோரு வருஷமாகப் போனில் பேசுகிறார்கள், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்தே அங்கே மழையா, அவளுக்குச் சளியா, மகன் மார்க் குறைத்தானா என்று போதும்பொண்ணு சொல்லிவிடுவாள். இன்றைக்கு அந்தக் குரல் நிதானமாக இருந்தது. மூன்று இயந்திரத்தை உடனே ஏற்றுகிறேன் என்றாள். நாலாவதைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தது, இன்று மத்தியானம்தான் பூட்டி முடித்தார்களாம், நாளைக் காலையில்தான் சோதனை ஓட்டம்.

"அது வந்தா எனக்குச் சரியாயிடும் ஜெசி. அது இல்லாமப் பத்தாது."

"அதை இன்னும் சுத்தியே பாக்கல்லியே அக்கா."

"சுத்தினா என்ன ஆகும்?"

"வந்தா வரும். வரல்லன்னா புது பேரிங் போவும், கூடவே என் வேலையும் போவும்." பின்னால் தண்ணீரின் இரைச்சல் கேட்டது. "ஆனா நான் நின்னுதானே பூட்ட வச்சேன். ஒவ்வொண்ணும் என் கையால தொட்டுப் பாத்தேன். ஏத்துகேன். அவசரப்படுத்தாதீங்க, மெல்லத்தான் ஏத்துவேன்."

அந்த மெல்லத்தான் எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதுவரை தாங்க வேண்டும். சாந்தகுமார் அதற்குள் வழக்கமான ஏற்பாட்டைத் தயார் செய்துவிட்டான், கை பழகிப் போன வேலை, தென் மாவட்டங்களில் கிராமப்புறத்து மின்பாதைகள் எல்லாம் அவன் திரையில் சிவப்பாக மின்னிக்கொண்டு நின்றன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கங்கே துணைமின் நிலையங்களில் அணைத்துவிடுவார்கள். இந்த வார்த்தையை அவளே எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். தலைமைப் பொறியாளர் வீட்டிலிருந்து அழைத்தார். நல்ல மனிதர், பதற்றத்தில் மூச்சு வாங்கியது. எண்ணைக் கேட்டார், சொன்னாள்.

"ஏம்மா, தெற்குப் பக்கம் வில்லேஜ் லைனை எடுத்துவிட வேண்டியதுதானே. அங்கேருந்து யாரும் போன் பண்ணி ஏன்னு கேக்கப்போறதில்லை."

"அதனாலதான் சார் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. பிறகு, வேறு யாரோ தன் வாயைக் கொண்டு பேசுகிற மாதிரி, "பத்து நிமிஷம் குடுங்க. ஒவ்வொருத்தரையா கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

"யாரைக் கேப்பே?"

"விட்டுக்குடுக்கக்கூடியவங்களை."

பத்து நிமிஷம், அதற்கு மேல் எண் இறங்கினால் நானே லைனை எடுக்கச் சொல்லிவிடுவேன் என்று அவர் போனை வைத்துவிட்டார். யாரைக் கேட்பது? அணைப்பது சுலபம், அணைக்கப்படுகிறவர் முகம் தெரியாது, கேட்பது கஷ்டம், முடியாது என்று சொல்லிவிடலாம், ஏன் என்று கேட்கலாம், உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாம். வெள்ளைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. எட்டுக் கோடிப் பேர், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, ஒவ்வொருவராகக் கையை நீட்டி சுவிட்சைத் தட்டுகிறார்கள், தட்டினால் எரியும் என்று அவ்வளவு நம்பிக்கை. முதலில் கடற்கரையோரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அழைத்தாள். சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயிருந்து வருகிறது, ஏரிகள் வற்றிக் கிடக்கிற இந்த மாதத்தில் பெரிய பங்கு, அதற்கு ஆகிற மின்சாரமும் கொஞ்சநஞ்சமல்ல. எடுத்தவர் பெயர்கூடச் சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னாள், அரை மணி நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள். தொட்டியில் இருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, முக்கால் மணி தாங்கும் மேடம், நிறுத்துகிறேன் என்றார். அவ்வளவுதான். அவள் நன்றி சொல்வதற்குள் திரையில் வெள்ளைக் கோட்டின் நுனி ஒரு நூலளவு மடங்கியது. ஒரு மனிதர் ஆம் என்று சொன்னதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. வடக்கே ஒரு இரும்பு உருக்காலையில், உலையில் இருப்பதைப் பாதியில் விட முடியாது, ஆனால் அடுத்த வார்ப்பைத் தள்ளி வைக்கிறேன் என்றார்கள். குளிர்பதனக் கிடங்குக்காரர் ஒருவர் முதலில் கோபப்பட்டார், மாம்பழம் மொத்தமும் என் தலையில் விடியும் என்றார், பிறகு கதவைத் திறக்காமல் இருந்தால் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகாது, சரி நிறுத்துங்கள் என்றார். ஒரு சிமென்ட் ஆலை முடியாது என்று சொல்லி வைத்துவிட்டது. சாந்தகுமார் கேட்காமலே இன்னொரு போனை எடுத்து நூற்பாலைகளை ஆரம்பித்திருந்தான். அவன் குரல் அவளுக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது, முதலில் விறைப்பாக, உத்தரவு போடுகிற மாதிரி, இரண்டாவது ஆளிடம் கொஞ்சம் தணிந்து, மூன்றாவது ஆளிடம் சொந்த மாமாவிடம் பேசுகிற மாதிரி. ராத்திரி ஷிப்டை அரை மணி கழித்து ஆரம்பியுங்கள் சார், பிள்ளைகள் அதுவரை டீ குடிக்கட்டும்.

எண் இறங்குவதை நிறுத்தியது. ஏறவில்லை. ஒரு சின்ன இடைவெளி விடாப்பிடியாக மிச்சமிருந்தது. மலையில் மூன்று இயந்திரமும் முழுக்க ஏறிவிட்டன, நீலம் நிமிர்ந்து நின்றது, நாலாவதுக்கு இன்னும் நேரமிருந்தது, தலைமைப் பொறியாளர் கொடுத்த நேரம் முடியப் போகிறது. யாரையாவது அணைத்துத்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில் அவள் மனம் ஒரு சுற்றுச் சுற்றி, சம்பந்தமில்லாமல், குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி அறையில் போய் நின்றது. மகள் பிறந்த மறுநாள். ஒரே மகள், இப்போது காலேஜில் படிக்கிறாள். இன்னொன்று வேண்டாமா, நாளாக நாளாக ஆசை வரும் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டபோது அவள் சட்டென்று போதும் என்றாள். கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இரண்டு வேண்டும் என்று இருந்தது, பிறகு அவன் அதைப் பேசியதில்லை. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு யோசித்துச் சொன்னாளா, பயந்து சொன்னாளா? வரப்போகிறதற்குச் சுவரில் இடம் இருக்காது என்று பயந்தாளா? இன்றைக்கும் தெரியவில்லை. போதும் என்பதைத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை, அதைச் சொல்கிற உரிமை அவளுக்கு இருந்தது, ஆனால் அடுத்தவர் தலையைப் பார்த்து அதைச் சொல்லத் தன்னால் முடியாது, இன்றைக்கு முடியாது. கண் திரையில்தான் இருந்தது. சென்னையின் நடுப்பகுதி, அலுவலகங்களும் கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற தெருக்கள். ஆஸ்பத்திரிகளும் ரயிலும் தனிப் பாதையில் இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம். இங்கே அணைத்தால் ஆயிரம் போன் வரும், மந்திரி வீட்டிலிருந்துகூட வரும். வரட்டும், கேட்கத் தெரிந்தவர்கள். சாந்தகுமாரைக் கூப்பிட்டு, கிராமத்தை விடு, இதை எடு, கால் மணி நேரம், என் பெயரில் எழுதிக்கொள் என்றாள். அவன் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினான். சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பழைய நிறத்துக்குத் திரும்பின, நகரத்தின் நடுவில் ஒரு துண்டு கறுத்தது. தனக்கு அடியில், இந்தக் கட்டடத்துக்கு வெளியே, நடந்துபோகிற தூரத்தில் தெருவிளக்குகள் அணைந்து, ஜனங்கள் "ஹோ" என்று ஒரு சத்தம் போடுவார்களே, அந்தச் சத்தம் ஜன்னல் இல்லாத சுவரைத் தாண்டி வந்ததா, அவளாகக் கேட்டுக்கொண்டாளா.

போன்கள் அடிக்க ஆரம்பித்தன. சாந்தகுமார் ஒவ்வொன்றாக எடுத்து, கால் மணி சார், கால் மணிதான் அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மலைக்குப் போகிற போனை மட்டும் காதில் வைத்திருந்தாள். ஜெசிந்தா பேசவில்லை. போனை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குகைக்குள் காலடிகள், யாரோ ஏதோ கத்துவது, அவள் குரல் தூரத்திலிருந்து, மெல்ல, இன்னும் மெல்ல, நில்லு, சூடு பாரு, ம், விடு. பிறகு ஒரு முனகல், மிக ஆழத்திலிருந்து, பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரள்கிற மாதிரி. மத்தியானத்து வெயிலில் மேலே போன தண்ணீர் மலையின் வயிற்றுக்குள் விழுகிறது. இங்கே எங்கேயோ ஒரு மொட்டைமாடியில், ஒரு தரிசில், கண்ணாடித் தகடுகளின் மேல் அடித்த வெயில், அது மலைமேல் தண்ணீராக நின்று, இப்போது இருட்டில் இறங்கி வருகிறது, இதை யோசித்தவர்கள் யார், அந்தப் பாறையைக் குடைந்தவர்கள் யார், எத்தனை பேர், எத்தனை வருஷம், ஒருவரையாவது அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியுமா, அவர்களில் எந்தப் பாதி அதிகப்படி என்று யாரால் சொல்ல முடியும். முனகல் ஏறி ஏறி ஒரே சீரான ஒலியாகியது. போனைக் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது. "அக்கா" என்றாள் ஜெசிந்தா. மூச்சு இரைத்தது. "சுத்துது. நல்லாச் சுத்துது. கையை வச்சுப் பாத்தேன், ஒரு நடுக்கம் இல்ல." திரையில் நீலம் இன்னொரு படி ஏறியது, எண் அசைந்தது, தயங்கியது, மேலே வந்தது. சொன்ன கால் மணி முடிவதற்குள் நகரத்தின் கறுத்த துண்டைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

எட்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்தபோது சாந்தகுமார் கூடவே வாசல் வரை வந்தான். தலைமைப் பொறியாளர் நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார், விளக்கம் கேட்பார் என்று இருவருக்கும் தெரியும். நானும் வருகிறேன் மேடம் என்றான். பிறகு, நூற்பாலைக்காரர் ஒருத்தர் போனை வைக்கும்போது தாங்க்ஸ் சொன்னார் மேடம் என்றான். எதுக்காம், என்று கேட்டாள். "கேட்டதுக்காம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்." நாலு மணிக்குச் சொன்னதை அவனும் நினைத்துக்கொண்டானோ என்னவோ, இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. அவள் அவன் தோளில் லேசாகத் தட்டிவிட்டு இறங்கினாள்.

வெளியே காற்று இல்லை, வெக்கை அப்படியே நின்றது. தெருவெல்லாம் விளக்கு. பழக்கடை, செல்போன் கடை, பிரியாணி அண்டாவின் மேல் தொங்கும் குண்டு பல்பு, அதன் கீழே இடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள், எழும்பூர் நிலையத்துப் படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் உரசி, யார் மேலும் யாருக்கும் கோபம் இல்லாமல். தாம்பரம் ரயிலில் பெண்கள் பெட்டி நிரம்பி வழிந்தது. இன்றைக்கு நின்றுகொண்டே போக முடியாது என்று கால் சொன்னது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவளின் முழங்கையை யாரோ தொட்டார்கள். மூன்று பேர் உட்காருகிற இருக்கையில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஓரத்தில் இருந்த அம்மாள், கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, மற்ற மூவரையும் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி, "வாம்மா, குந்து. எடம் இருக்கு" என்றாள். அரை உடம்புக்குத்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நெளிந்து, முழு உடம்புக்கும் ஆயிற்று. எங்கே வேலை என்று அந்த அம்மாள் கேட்டாள். கரண்ட் ஆபீஸ் என்று சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். சிந்தாதிரிப்பேட்டையில் தையல் கடை, சாயந்திரம் பார்த்துக் கரண்டை நிறுத்திவிட்டார்கள், நாளைக்கு முகூர்த்தம், ரவிக்கைக்குக் கை பாதி ஏற்றினபடி நிற்கிறது, மிஷின்மேல் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உங்க ஆபீஸில் எவன் இந்த வேலையைச் செய்தானோ அவன் கையில் கிடைத்தால் இருக்கிறது. சொல்லிக்கொண்டே போதும்பொண்ணுவின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

"அப்புறம் வந்துதா?" என்று கேட்டாள் போதும்பொண்ணு.

"வந்துது, வந்துது" என்றாள் அந்த அம்மாள், இது ஒரு கேள்வியா என்பது போல. "வராம எங்க போவும்."